கடல் கடந்து மீண்ட கணிதப் புலவர்

அயல்நாடு சென்று கல்வி பயில்வது அரிது. பயின்று மீண்டோர் தம் ஊரில் பண்டுபோல் வாழ்வது அதனினும் அரிது. கணிதப் பேரறிஞர் ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் இறுதி ஓராண்டு இதனை நன்கு புலப்படுத்தும்.

இவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், அந்நாளில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தே பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். கணிதமொன்றிலேயே கருத்தூன்றிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரித் தேர்வில் தவறினார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராய் அமர்ந்தார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இவர் வரைந்த மடல் இவரது வாழ்வையே மாற்றியது.

கடல் கடத்தல் குல ஆசாரத்திற்கு மாறென்று அன்னை கோமளத்தம்மாள் முதலில் தடுத்துப் பின்னர் இசைந்தார். குடுமியைக் களைந்து, 1914 மார்ச் 17-இல் ராமாநுஜன் கப்பலேறினார். ஆயினும் அங்கும் மரக்கறியுணவை விடாது தாமே சமைத்துண்டார். குளிரும், போர்க்காலத் தட்டுப்பாடும், தனிமையும் உடலை வருத்த, 1917-இல் நோயுற்றார். 1918-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். டிரினிடி கல்லூரியின் பெலோ ஆன முதல் இந்தியரும் இவரே.

1919 மார்ச் 27-இல் பம்பாய் வந்திறங்கியபோது அன்னை எதிர்கொண்டார். மனைவி ஜானகியைக் காணோம். மாமியார் மருமகள் பிணக்கால் அவ்வம்மை பிறந்தகம் சென்றிருந்தார். தம்பதியர் ஒருவர்க்கொருவர் எழுதிய மடல்களும் சரிவரச் சென்று சேரவில்லை. சென்னையிலேயே மனைவி வந்து சேர்ந்தார். கடல் கடந்த குறை நீங்க இராமேசுவரம் சென்று சடங்கு செய்யவேண்டுமென்பது உறவினர் வழக்கம். நோயால் அப்பயணமும் கைகூடவில்லை. அங்கு மரக்கறியுணவால் வேற்று மனிதராயிருந்தவர், இங்கு கடல் கடந்தமையால் வேற்று மனிதரானார்.

சென்னை வெப்பம் ஒவ்வாமையால் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் இரு திங்கள் தங்கினார். அமராவதிக் கரையில் வாழும் எம் தாராபுரத்தார்க்கு அது அயலூரே. தாம் பிறந்த கொங்கு நாட்டிற்கே அவர் மீண்டார், நலமோ மீளவில்லை. செப்டம்பரில் கும்பகோணமும், அடுத்த ஜனவரியில் சென்னையும் சேர்ந்தார். அந்நிலையிலும், போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதுக் கண்டுபிடிப்பை 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். படுக்கையிலேயே அவர் எழுதி வைத்த தாள்கள் 1976-இல் டிரினிடி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு உலகை வியப்பித்தன.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளிக்க முன்வந்தபோது, தம் செலவும் பெற்றோர்க்குரியதும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்தம் கல்விக்கு ஆக்குமாறு எழுதியவர் இவர். 1920 ஏப்ரல் 26-இல், 32-ஆம் அகவையில், சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். கடல் கடந்து சென்று சடங்கு செய்யாதவரென்று உறவினர் பலர் ஈமக்கடனுக்கும் வாராதொழிந்தனர்.

மாணவ நண்பர்காள்! நம்முள்ளும் சிலர் நாளை கடல் கடப்பர், மீண்டும் வருவர். அவர் பெற்ற பட்டங்களை மட்டும் மாலையிட்டு வரவேற்றல் போதாது. மாறி வந்த அம்மனிதருக்கும் நம் திண்ணையில் ஓரிடம் வேண்டும். அதனை ஒழித்து வைத்தல், ஊரிலேயே இருந்து கற்ற நம் கடனாம்.