கோழி இல்லாமல் குஞ்சு பொரித்த டிரெப்பல்

தெர்மோஸ்டாட் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. இஸ்திரிப் பெட்டியில் இருக்கிறது, பிரிட்ஜில் இருக்கிறது, லேபில் உள்ள ஓவனிலும் இருக்கிறது. ஆனால் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவியை முதலில் செய்து காட்டியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் உதட்டைத்தான் பிதுக்குவோம். அவர் பெயர் கார்னேலிஸ் டிரெப்பல். ஹாலந்துக்காரர். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காதவர். அதனாலேயே இந்த மலரில் அவரைப் பற்றி எழுத எனக்கு ஆசை வந்தது.

1572-இல் அல்க்மார் என்ற ஊரில் பிறந்தார். ஹார்லெம் நகரில் கோல்ட்சியஸ் என்ற புகழ் பெற்ற கலைஞரிடம் தொழில் பழகப் போனார். செம்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடிக்கும் தொழில் அது. உலோகம் அவருக்குக் கைக்கு அடங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன். 1595-இல் குருவின் தங்கையையே கல்யாணம் செய்துகொண்டார். பிறகு தண்ணீர் இறைக்கும் இயந்திரம், கடிகாரம் என்று என்னென்னவோ செய்து பார்த்தார்.

1604, 1605 வாக்கில் லண்டனுக்குப் போய் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு ஒரு அதிசயக் கருவி காட்டினார். யாரும் கை வைக்காமலே அதன் கண்ணாடிக் குழாயில் நீர் ஏறும், இறங்கும். ஊரே வாயைப் பிளந்தது. மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. அடைபட்ட காற்று சூட்டில் விரிகிறது, குளிரில் சுருங்குகிறது, அவ்வளவுதான்! அந்தப் புகழ் அவரை 1610-இல் பிராக் நகரத்துக்கு, இரண்டாம் ருடால்ஃப் சக்கரவர்த்தியிடம் கொண்டு போனது. மறு வருஷமே ருடால்ஃபின் அதிகாரம் பறிபோக, டிரெப்பலும் சிறையில் கிடந்து, ஒருவழியாக லண்டன் திரும்பினார். 1620 வாக்கில் தேம்ஸ் நதியில் தண்ணீருக்கடியில் துடுப்புப் போட்டுப் போகும் படகு விட்டார். நீர்மூழ்கி என்றதும் அவர் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அதைவிடப் பெரிய காரியம் அவருடைய அடுப்புதான் என்று படுகிறது.

அது கோழி முட்டை பொரிக்கும் அடுப்பு. எங்கள் வீட்டில் அம்மா அடை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். இருபத்தொரு நாள். கோழி இரை எடுக்க எழுந்தாலும் சட்டென்று திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். முட்டைக்கு வேண்டியது ஏறக்குறைய 37.5 டிகிரி. நாலைந்து டிகிரி நீடித்து ஏறினால் கரு செத்துவிடும். விறகோ கரியோ போட்டு இந்தச் சூட்டை மூன்று வாரம் இராப்பகலாக யார் காப்பது? பக்கத்திலேயே ஆள் தூங்காமல் உட்கார வேண்டும். டிரெப்பல் அந்த ஆளை எடுத்துவிட்டார்.

முட்டை வைக்கும் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். கீழே நெருப்பு. புகை தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு மேலே ஒரு துவாரம் வழியாகப் போகும். தண்ணீருக்குள் சாராயம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குப்பி, அதன் வாயில் வளைந்த குழாயில் பாதரசம், பாதரசத்தின் மேல் மிதக்கும் ஒரு தண்டு. சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். தண்டு உயர்ந்து, நெம்புகோல் வழியாகப் புகைத் துவாரத்தின் மூடியை இறக்கும். காற்றோட்டம் குறைந்து நெருப்பு மட்டுப்படும். சூடு இறங்கினால் எல்லாம் தலைகீழாக நடந்து மூடி திறக்கும். தண்டின் நீளத்தை மாற்றினால் எவ்வளவு சூடு வேண்டும் என்பதும் மாறும். நாம் பாடத்தில் குளோஸ்டு லூப் என்று கட்டம் கட்டமாகப் படம் போடுகிறோமே, அதேதான். அதை வைத்து வாழும் குஞ்சு பொரிக்க வைத்தார் மனிதர்!

குப்பியை அவர் நெருப்பின் மேல் வைக்கவில்லை, முட்டையை ஒட்டிய தண்ணீரில் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த இடத்துச் சூடு முக்கியமோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். குளிர் நாடுகளில் புது வீட்டுக்குக் குடி போகிறவர்கள் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டோடு மல்லுக்கட்டுவதெல்லாம் இங்கேதான். வெயில் விழும் இடத்திலோ ரேடியேட்டருக்கு மேலோ அதை மாட்டினால் அறை குளிர்ந்திருக்கும்போதே பாய்லரை நிறுத்திவிடும். இன்னொன்று, 20 டிகிரி போதும் என்கிற வீட்டில் சீக்கிரம் சூடேறட்டும் என்று 30-க்குத் திருப்புவார்கள். சாதாரண தெர்மோஸ்டாட்டுக்கு ஓடு, நில் என்ற இரண்டே கட்டளைதான் தெரியும். 30-க்கு வைத்தாலும் அறை 20-ஐ அடைய அதே நேரம்தான் ஆகும். அதற்கு மேலும் எரிந்து காசுதான் கரியாகும்.

சில ரேடியேட்டரின் வால்விலேயே ஒரு தலை இருக்கும். அதற்குள் மெழுகோ திரவமோ விரிந்து ஊசியைத் தள்ளி வெந்நீரை அடைக்கும். மின்சாரமே வேண்டாம். டிரெப்பலின் குப்பிக்கு அசல் பேரன் இதுதான். ஆனால் சுவர் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் இந்தத் தலையையும் சின்ன எண்ணில் வைத்தால், வால்வு முந்திக்கொண்டு அடைத்துவிடும். அறை சூடாகவில்லையே என்று தெர்மோஸ்டாட் பாய்லரை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஒரு மாட்டுக்கு இரண்டு பேர் மூக்கணாங்கயிறு பிடித்த கதை!

டிரெப்பலின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. 1627, 1628-இல் இங்கிலாந்துக் கடற்படைக்காக வெடிகள் செய்து பிரான்சின் லா ரொஷேல் முற்றுகைக்குப் போனார். அந்தப் படையெடுப்பு தோற்றது. பிறகு லண்டன் பாலத்தின் அருகே ஒரு சாராயக் கடை நடத்தி வயிற்றைக் கழுவினார். 1633-இல் இறந்தார். அடுப்பைப் பற்றி அவர் ஒரு புத்தகமும் போடவில்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். 1770-களில் பிரான்சில் பொன்மேன் என்பவர் குஞ்சு பொரிக்க வேறொரு தெர்மோஸ்டாட்டைச் செய்ய வேண்டியிருந்தது. தெர்மோஸ்டாட் என்ற பெயரே 1830-இல் ஆண்ட்ரூ யூர் வைத்ததுதான். அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் வகுப்பறைகளுக்கான மின்சார தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1883-இல்.

டிரெப்பலின் வேலையை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் அவர் மகள்களைக் கட்டிய கஃப்லர் சகோதரர்கள். வெள்ளீயம் கலந்து அவர் கண்டுபிடித்த சிவப்புச் சாயத்தை லண்டனை அடுத்த போ என்ற இடத்தில் பட்டறை வைத்துப் பிழைப்பாக்கினார்கள். மாமனாரின் அடுப்பையும் கைவிடவில்லை. அவர் இறந்து முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 1666-இல், ஜான் ஈவ்லின் என்ற எழுத்தாளர் அந்த மருமகன் வீட்டுக்குப் போய் இரும்பு அடுப்புகளைப் பார்த்துவிட்டு வந்து தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.