மின் மோட்டாரும் இருவர் காரும்: உரிமம் கிடைக்காத ஜி.டி. நாயுடுவின் கனவு

கோவை: மறைந்துபோன கார் நிறுவனங்களின் பெயர்கள் மின்சார வாகனங்களாக மீண்டும் சாலைக்கு வரத் தொடங்கியுள்ள காலம் இது. இந்தியாவிலேயே மின் மோட்டாரையும், எளியவர் வாங்கத்தக்க காரையும் உருவாக்க முற்பட்ட ஒருவர், முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கோவையில் வாழ்ந்தார். அவர் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டது அவரது வாழ்வைத் திசைதிருப்பியது. கோவைக்கு வந்து உணவகத்தில் பணிபுரிந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அந்த வாகனத்தை விலைக்கு வாங்கினார். அதைப் பாகம் பாகமாகப் பிரித்து, மீண்டும் பூட்டிப் பார்த்ததே அவர் பெற்ற முதல் பொறியியல் கல்வி.

1920-ஆம் ஆண்டு ஒரேயொரு பேருந்துடன் பொள்ளாச்சி–பழனி இடையே போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஓட்டுநரும் அவரே. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற அந்த நிறுவனம் சில ஆண்டுகளிலேயே பெரும் பேருந்து அணியாக வளர்ந்தது.

1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் கோவையை எட்டியது. பஞ்சாலைகளுக்கும் விவசாயக் கிணறுகளுக்கும் மோட்டார்கள் தேவைப்பட்டன. அவை வெளிநாட்டிலிருந்தே வந்தன. இந்நிலையில், டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து 1937-இல் அவர் உருவாக்கிய மோட்டார், இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டாராகக் கருதப்படுகிறது. மோட்டார், பம்புசெட் தயாரிப்பில் கோவை இன்று பெற்றுள்ள பெயருக்கு அதுவே வித்திட்டது. மின்சார சவரக் கருவியும், 1941-இல் 70 ரூபாய் விலையில் வடிவமைத்த ஐந்து வால்வு வானொலியும் அவரது பிற ஆக்கங்களுள் அடங்கும்.

1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரிலான பொறியியல் கல்லூரி உருவாகத் துணைநின்றார். நான்காண்டுப் படிப்பு தேவையற்றது, இரண்டாண்டுகளே போதும் என்பது அவரது கொள்கை. ஆங்கிலேய அரசு அதனை ஏற்கவில்லை. அக்கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1952-இல் இருவர் பயணிக்கக்கூடிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் வடிவமைத்தார். ஆனால், தொழிற்சாலை தொடங்க மத்திய அரசின் உரிமம் கட்டாயம் என்ற 1951-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்திருந்தது. நாயுடுவுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. கார் விற்பனைக்கு வரவே இல்லை. வரிச்சுமையும் கட்டுப்பாடுகளும் புதிய ஆக்கங்களை முடக்குவதாகக் கருதிய அவர், தாம் உருவாக்கிய பொருட்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தெறிந்து எதிர்ப்புத் தெரிவித்தார்.

அதன் பின்னரும் தொழிற்பயிற்சியிலும் தொழிற்கண்காட்சிகளிலும் ஈடுபாடு காட்டிவந்த அவர், 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த கார் அருங்காட்சியகத்தில் உலகின் பழைமையான கார்கள் பல காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலமும் அவரது பெயரையே தாங்கி நிற்கிறது. மின் மோட்டாரால் இயங்கும் கார்களும் இன்று அதன் மீது செல்கின்றன.