பாலக்காடு மணி ஐயர்: மைக் வேண்டாம் என்று சொன்ன மிருதங்க மேதையிடம் ஒரு கிட்டார் பிரியர் கற்றுக்கொள்ள என்ன இருக்கு?

சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்து நல்ல எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கலாம் என்று முடிவு பண்ணினால், அடுத்த நாளே குழப்பம் ஆரம்பித்துவிடும். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரா, கிப்சன் லெஸ் பாலா? சிங்கிள் காயில் பிக்கப்பா, ஹம்பக்கரா? மஹோகனி மரமா, ஆல்டர் மரமா? நூறு வீடியோ பார்த்தும் தெளிவு வராது.

ஒரு வாத்தியத்தின் தரத்தை எதை வைத்து முடிவு செய்வது என்பது புதுக் கேள்வி இல்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-லும் லெஸ் பால் 1952-லும்தான் சந்தைக்கு வந்தன. அதற்கு முன்பே பாலக்காட்டுக்காரர் ஒருவர் இதே கேள்வியோடு வாழ ஆரம்பித்துவிட்டார். அவர் கையில் இருந்தது மிருதங்கம். பெயர் பாலக்காடு மணி ஐயர்.

யார் இந்த மணி ஐயர்?

1912-ல் திருவில்வாமலைக்குப் பக்கத்தில் உள்ள பழையன்னூரில் பிறந்தவர். அப்பா சேஷம் பாகவதர், பாடகர். பாலக்காடு கணவாய் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் அக்ரஹாரங்கள் அந்தப் பகுதியில் நிறைய. அவற்றில் ஒன்றான சாத்தபுரத்தைச் சேர்ந்த சுப்பையர்தான் மணியின் முதல் குரு. ஹரிகதை நிகழ்ச்சிகளில் வாசித்து வாசித்துக் கை தேறியது.

பையனின் திறமையைக் கவனித்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். அவரும் பாலக்காட்டுப் பக்கம்தான். 1920-களில் சென்னை மேடையில் செம்பைக்குப் பக்கவாத்தியமாக உட்கார்ந்தபோது மணி ஐயருக்கு மீசைகூட முளைத்திருக்காது. அதற்கப்புறம் தஞ்சாவூர் வைத்தியநாதையரிடம் பாடம். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி. என்று அந்தக் காலத்தின் பெரிய பாடகர்கள் எல்லோருக்கும் வாசித்தார். 1965-ல் எடின்பரோ விழாவில் வாசித்தார். 1966-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர் அவர்தான். 1971-ல் பத்ம பூஷண். 1981-ல் காலமானார்.

இன்றைய தலைமுறைக்கு இன்னும் சுலபமாகச் சொல்லணும்னா, பாடகி நித்யஸ்ரீ மகாதேவனின் அம்மா வழித் தாத்தா.

மிருதங்கத்தை எதை வைத்து ஒப்பிடுவது?

கிட்டாருக்கு மரம், நீளம், பிக்கப் என்று மூன்று விஷயம் பார்ப்பது மாதிரி மிருதங்கத்துக்கும் உண்டு.

முதலில் கட்டை. பலா மரத்தின் ஒரே துண்டைக் குடைந்து எடுப்பது. தமிழ்நாட்டில் பண்ருட்டிப் பலாவுக்கு இதில் தனி மதிப்பு. மரம் நன்றாகக் காய்ந்திருக்கணும், வெடிப்பு இருக்கக் கூடாது.

அடுத்து நீளம். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கம்பி நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலுக்குச் சுமார் 24.75 அங்குலம். இந்தச் சின்ன வித்தியாசமே விரலுக்கும் காதுக்கும் தெரியும். மிருதங்கத்தில் 24 அங்குலம் அளவுள்ள நீளமான கட்டை தணிந்த ஸ்ருதிக்கு. 22 அங்குலம் அளவுள்ள குட்டைக் கட்டை உயர்ந்த ஸ்ருதிக்கு. பாடகரின் ஸ்ருதி என்னவோ அதற்கேற்ற மிருதங்கத்தைத்தான் மேடைக்கு எடுத்துப் போகணும். அதனால் கச்சேரி வித்வான் ஒருவர் ஒரே மிருதங்கத்தோடு காலம் தள்ள முடியாது.

மூன்றாவது, தோல். மாடு, ஆடு, எருமை என்று மூன்று விலங்குகளின் தோல் ஒரு மிருதங்கத்தில் சேருகிறது. வலந்தலையின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். கல்லைப் பொடித்து, சோற்றோடு குழைத்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவது. இடப்பக்கமான தொப்பியில் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். அதுதான் கனமான அடிநாதம் தருவது.

இதற்குள்ளும் வகைகள் இருக்கு. வலந்தலைத் தோல்களுக்கு நடுவே சின்னக் கல்துண்டுகள் வைத்தால் அது கப்பி மிருதங்கம். குச்சிகள் செருகினால் குச்சி மிருதங்கம். இரண்டின் நாதமும் வேறு. கிட்டார்க்காரர்கள் பிக்கப்பைப் பற்றிச் சண்டை போடுவது மாதிரி இதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசலாம்.

அந்தக் கறுப்பு வட்டம் எதற்கு?

இதற்கு விடை சொன்னவர் சி.வி.ராமன். கிட்டார் கம்பியைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு அதன் 2 மடங்கு, 3 மடங்கு என்று ஒழுங்கான மேலொலிகளும் எழும். அதனால்தான் கம்பியின் ஒலி ஸ்ருதியோடு கேட்கிறது. சாதாரண மேளத்தின் தோலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. சத்தம் வரும், ஸ்ருதி தெளிவாக வராது. நடுவில் கறுப்பு வட்டத்தின் கனத்தை ஏற்றியதும் தோலின் மேலொலிகளும் கிட்டத்தட்ட ஒழுங்கான விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. ராமன் இதை 1920-ல் நேச்சர் இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார், 1930-களில் இன்னும் விரிவாக விளக்கினார்.

அந்த வட்டத்தை எவ்வளவு தடிமனாக ஏற்றணும், எங்கே மெலியவிடணும் என்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. செய்பவரின் கையும் காதும்தான் கணக்கு. மணி ஐயரின் கதையில் இரண்டாவது மனிதர் இங்கேதான் வருகிறார்.

பர்லாந்து யார்?

தஞ்சாவூரில் தலைமுறைகளாக மிருதங்கம் செய்த தலித் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தில் வந்தவர் பர்லாந்து. மணி ஐயரின் மிருதங்கங்களை உருவாக்கியவர். நாதம் இப்படி வேண்டும் என்று மணி ஐயரின் காது கேட்கும்; அதைத் தோலிலும் கல்பொடியிலும் கொண்டுவருவது பர்லாந்தின் வேலை. திரும்பத் திரும்பப் பிரித்து, மாற்றி, மூட்டி, மறுபடி தட்டிப் பார்ப்பதுதான் அந்த உறவு. பல பத்தாண்டுகள் நீடித்தது.

மேடையில் மணி ஐயருக்குக் கிடைத்த கைதட்டலில் பர்லாந்தின் பங்கு என்ன என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. தோலைத் தொடுகிறவர் ஒரு சாதி, தோலின் நாதத்துக்குப் புகழ் பெறுகிறவர் வேறு சாதி. விருதுப் பட்டியல்களில் ஒரு பெயர் மட்டும்தான் வரும். பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020-ல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிய பிறகுதான் பர்லாந்தின் பெயர் பெரிய அளவில் வெளியே தெரிந்தது.

தோல் வேண்டாம் என்று நினைத்தாரா?

நினைத்தார். தன் வாத்தியத்துக்காக மாடு கொல்லப்படுகிறது என்ற எண்ணம் மணி ஐயரை உறுத்தியது. ஆசாரமான குடும்பத்தில் வளர்ந்தவர்; ஆனால் தினமும் கை வைப்பது மாட்டுத்தோலில். பலர் இதை யோசிக்காமலே வாழ்ந்துவிடுவார்கள். அவரால் முடியவில்லை.

1960-களில் தோலுக்குப் பதிலாகக் கண்ணாடியிழை போன்ற செயற்கைப் பொருளை வைத்து மிருதங்கம் செய்யும் சோதனையில் இறங்கினார். புகழின் உச்சியில் இருக்கும் ஒருவர் தனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நாதத்தையே பணயம் வைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த நாதம் வரவில்லை. கடைசியில் தோலுக்கே திரும்பினார்.

இதைத் தோல்வி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நல்ல நாதத்துக்கு ஒரு விலை இருக்கு, அதை யாரோ கொடுக்கிறார்கள் என்று அவர் ஒப்புக்கொண்ட இடம் இது. கிட்டார் உலகத்திலும் இதே சிக்கல் உண்டு. பழைய கிட்டார்களில் ஆசையாகப் பயன்படுத்தப்பட்ட பிரேசிலியன் ரோஸ்வுட் மரம் அழியும் நிலைக்கு வந்ததால், 1992-லிருந்து அதன் சர்வதேச வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு.

மைக் மேல் என்ன கோபம்?

மணி ஐயர் தன் வாழ்க்கையில் எடுத்த இன்னொரு கடினமான முடிவு, மைக் வைத்த கச்சேரிகளில் வாசிப்பதில்லை என்பது. சபாக்கள் பெரிதாகிவிட்ட காலம். மைக் இல்லாமல் கச்சேரி நடத்த அமைப்பாளர்கள் தயங்கினார்கள். வாய்ப்புகள் குறைந்தன, வருமானமும் குறைந்தது.

அவர் பக்கத்து நியாயம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். மிருதங்கத்தின் அழகு, மெல்லிய விரல் பட்டதும் எழும் மீட்டிலும், தொப்பியில் உள்ளங்கை வழுக்கும்போது வரும் கும்கியிலும் இருக்கு. பாடகரின் குரலுக்குக் கீழே எவ்வளவு அடங்கி வாசிக்கணும் என்பதைக் கலைஞரின் காது முடிவு செய்யும். மைக் வந்தால் அந்த முடிவு ஒலிபெருக்கிக்காரரின் கைக்குப் போய்விடும். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கட்டையும் தோலும் மலிவான ஒரு ஸ்பீக்கர் வழியாக வேறு ஏதோ ஒன்றாகக் கேட்கும்.

எலக்ட்ரிக் கிட்டார் இதற்கு நேர் எதிர். அதன் உடலிலிருந்து பெரிய சத்தம் வராது. கம்பியின் அதிர்வைப் பிக்கப்பின் காந்தமும் கம்பிச்சுருளும் மின்சாரமாக மாற்றி, ஆம்ப்ளிஃபையர்தான் ஒலியாக்குகிறது. அதாவது, ஆம்ப் இல்லாமல் அது பாதி வாத்தியம்தான். மணி ஐயரின் மைக் வெறுப்பை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் அவர் சொல்லாமல் சொன்ன பாடம் பொருந்தும்: கேட்பவரின் காதுக்குப் போய்ச் சேரும் கடைசி இடம்வரை வாத்தியம்தான். நல்ல கிட்டாரை மோசமான ஆம்பில் செருகினால் பணம் வீண்.

குறையே இல்லாதவரா?

இல்லை. பெண் பாடகர்களுக்கு நீண்ட காலம் அவர் வாசிக்கவில்லை. அன்றைய முன்னணிப் பக்கவாத்தியக்காரர்கள் பலருக்கும் இருந்த வழக்கம்தான் என்றாலும், அவர் அளவு செல்வாக்குள்ளவர் அதைத் தொடர்ந்ததால் பாடகிகளுக்கு இழப்பு ஏற்பட்டது உண்மை. அந்த வழக்கத்தை அவர் உடைத்தது டி.கே.பட்டம்மாளுக்காக. பட்டம்மாளின் மகனுக்கும் மணி ஐயரின் மகளுக்கும் கல்யாணம் நடந்து இரண்டு குடும்பமும் ஒன்றானது.

பிற்காலத்தில் ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். பாலக்காடு ரகு, மாவேலிக்கரை வேலுக்குட்டி நாயர், கமலாகர் ராவ் என்று அவரிடம் கற்ற பெரிய கலைஞர்கள் பலர்.

சரி, கிட்டார் வாங்கப் போகும்போது?

கடையில் உள்ள ஆம்பில் மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீங்க. வீட்டில் எதில் வாசிக்கப் போறீங்களோ அது மாதிரி ஒன்றில் கேளுங்க. இரண்டு கிட்டாரையும் ஒரே ஆம்ப், ஒரே அமைப்பு, ஒரே பாட்டு என்று வைத்து ஒப்பிடுங்க. ஆம்பில் செருகாமலும் ஒருமுறை வாசித்து, ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்குது, எந்த ஃப்ரெட்டிலாவது கம்பி இரையுதா என்று பாருங்க. நீங்க வாசிக்கப் போவது எந்த மாதிரி இசை என்பதை முதலில் முடிவு செய்யுங்க. மிருதங்கத்தில் பாடகரின் ஸ்ருதிதான் கட்டையின் நீளத்தை முடிவு செய்யும், மிருதங்கத்தின் விலை இல்லை.

கடைசியாக, உங்க ஊரில் ஃப்ரெட் தேய்த்து, கம்பி உயரம் சரிசெய்து தரும் ஒரு நல்ல கைவினைஞரைத் தேடிப் பிடிங்க. நடுத்தர விலைக் கிட்டாரும் அவர் கை பட்டால் வேற மாதிரி பேசும். மணி ஐயருக்கே ஒரு பர்லாந்து தேவைப்பட்டார். உங்களுக்கு ஒருவர் கிடைத்தால், வாசிப்பைப் பாராட்டுகிறவர்களிடம் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்க.