கொடுமுடி சுந்தராம்பாள்

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியைப் பூண்டுச் சந்தை கூடும் ஊர் என்றே பிறவூரார் அறிவர். அவ்வூரில் திருவிழா வருங்கால், விடியுமுன்னரே ஒலிபெருக்கியினின்று ஒரு பெண்குரல் எழுந்து, வயல்களையுங் கடந்து செல்லும். அது கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் குரல். கிறிஸ்தவ இல்லத்திற் பிறந்த யாமும் அக்குரல் கேட்டே சிறுபருவத்தில் உறக்கம் நீங்கி எழுந்தோம். ழகர ளகர வேறுபாட்டை யாம் முதன்முதல் உணர்ந்தது பள்ளியிலன்று, அப்பாடல்களிலேயாம். எம் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

அம்மையார் 1908-ஆம் ஆண்டிற் காவிரிக்கரைக் கொடுமுடியில் பாலாம்பாள் என்பார்க்கு மகளாய்த் தோன்றினார். குடும்பம் வறுமையில் உழன்றது. சிறுமியாயிருந்தபோதே இரயில் வண்டியிற் பாடிப் பொருள் பெற்று வீட்டிற்கு உதவினாரென்றும், இரயில்வே அலுவலரும் நாடகப் பற்றாளருமாகிய எஃப். ஜி. நடேச ஐயர் செவியில் அக்குரல் வீழ்ந்தமையால் வேலு நாயர் நாடகக் குழுவிற் சேர நேர்ந்ததென்றும் கூறுவர். அவர் முதலிற் புனைந்த வேடங்களுள் ஒன்று, நல்லதங்காளின் மூத்த மகன் வேடம். பசி பொறாது அன்னையை நோக்கி அழுது பாடும் பிள்ளை அவன். அப்பாட்டின் பொருளை அச்சிறுமிக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியிருந்திராது என்றே யாம் எண்ணுகின்றோம்.

அக்கால நாடக மேடையின் இயல்பு இன்று பலர்க்கும் தெரியாது. ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைக்கோடியிலே தரையில் அமர்ந்திருப்பான் காதிலும் சொல் தெளிவாய் விழவேண்டும். ஆதலின் நான்கரைக் கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் இரவு முழுதும் பாட வல்லாரே நிலைத்து நின்றனர். ஸ்பெஷல் நாடகம் என வழங்குவதில் குழுவென்று ஒன்றும் இல்லை. வெவ்வேறிடத்தினின்று அழைக்கப்பட்ட நடிகர் அன்றிரவே மேடையிற் சந்தித்து, ஒருவரையொருவர் பாட்டாலும் தர்க்கத்தாலும் மடக்க முயல்வர். எம் பக்கத்து ஊர்களில் இன்றும் திருவிழாவிற்கு வள்ளி திருமணம் நடைபெறும்பொழுது இவ்வழக்கைக் காணலாம்.

இத்தகைய மேடையிலேதான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை அம்மையார் எதிர்கொண்டார். 1926-இல் கொழும்பு நகரில் இருவரும் சேர்ந்து நடித்தனர். கிட்டப்பாவோடு பாடி ஈடுகொடுத்தல் அரிதென்று பலர் எச்சரித்தும் அம்மையார் பின்வாங்கவில்லை. இரு குரலும் ஒன்றற்கொன்று தாழாமை கண்டு மக்கள் வியந்தனர். 1927-இல் இருவரும் மணம் புரிந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவியார் ஒருவர் இருந்தார் என்பதை மறைத்துரைப்பார் உளர். யாம் அங்ஙனஞ் செய்ய விரும்பவில்லை. பிறந்த மகவு சின்னாளில் இறந்தது. கணவரும் பிரிந்து சென்றார். அம்மையார் எழுதிய கடிதங்களிற் கனிவும் உண்டு. தமக்கு இழைக்கப்பட்டதை அஞ்சாது எடுத்துரைக்கும் சினமும் உண்டு. 1933 டிசம்பர் 2-ஆம் நாள், 28-ஆம் வயதில் கிட்டப்பா மறைந்தார். அப்போது அம்மையார்க்கு வயது 25.

அன்று தொட்டு அவர் வெள்ளுடை உடுத்தார். ஆடவர்க்கு இணையாக இனி நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். அவர் வாழ்வை எழுதுவோர் அனைவரும் இவ்விடத்திற் கற்பின் சிறப்பைப் போற்றித் தாள்களை நிரப்புவர். மனைவியை இழந்த நடிகர் எவரிடமும் இங்ஙனம் ஒரு நோன்பை உலகம் எதிர்பார்த்ததில்லை என்பதை மட்டும் குறித்து, அந்நோன்பு அவர்க்கு என் செய்தது என்பதை யாம் நோக்குவோம்.

பட முதலாளியான அசன்தாஸ் என்பார் நந்தனார் சரித்திரத்தைப் பேசும்படமாக்க விழைந்து அம்மையாரை நாடினார். மேடையையே துறந்திருந்த அம்மையார், வந்தவரைத் திருப்பி அனுப்பும் எண்ணத்துடன் ஓர் இலட்ச ரூபாய் கேட்டாரென்பர். அவரோ உடன்பட்டுவிட்டார்! அந்நாளில் அது கேட்டறியாத தொகை. ஆடவர்க்கு இணையாக நடியேன் என்றவர், தாமே ஆடவராக, நந்தனாராகத் தோன்றினார். இசைப்புலவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராய் நடித்தார். 1935-இல் வெளிவந்த அப்படம் போட்ட பொருளை ஈட்டவில்லை. மாந்தரினும் அதில் வரும் விலங்குகளே நன்கு நடித்தன என்னும் கருத்துப்பட கல்கி எள்ளி எழுதினார். படம் வீழ்ந்தும் பாட்டு வீழவில்லை; இசைத்தட்டுகளாய் அவை வீடுதோறும் புகுந்தன.

அதன்பின் அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள். 1940-இல் மணிமேகலை. 1953-இல் ஜெமினி வாசனின் ஔவையார். 1964-இல் பூம்புகாரிற் கவுந்தியடிகள். 1965-இல் திருவிளையாடலில் மீண்டும் ஔவையார். 1973-இல் காரைக்கால் அம்மையார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் யாம் பாடமாகப் பயிலும் நூல்களின் மாந்தரே இவர்கள்! அனைவரும் துறவியர், அல்லது முதியோர். ஒருவரேனும் காதற்றலைவியர் அல்லர். ஒளவையாய் நடித்தபொழுது அம்மையார்க்கு வயது ஏறக்குறைய 45 தான். வள்ளி வேடத்தை 25-ஆம் வயதிற் களைந்துவிட்டதால் அவர் இழந்தது பெரிது. ஆயினும் நடிகையர்க்குத் தலைவி வேடம் அன்றிப் பிறிதொன்றும் எளிதிற் கிட்டாத அக்காலத்தில், தமிழிலக்கியத்திற் சொல்லாற்றலால் அரசரையும் எதிர்த்துநின்ற பெண்டிரெல்லாம் அவர் குரலிலேதான் மக்களுக்குத் தோன்றினர். நோன்பு விலங்காயிற்றா, கவசமாயிற்றா என்று எம் விடுதியில் ஓரிரவு நெடுநேரம் வாதிட்டோம்; முடிவு எட்டவில்லை.

அரசியலிலும் அவர்க்கு இடமுண்டு. தீரர் சத்தியமூர்த்தியுடன் காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்களைப் பாடினார். 1951-இற் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். திரைத்துறையினின்று சட்ட மன்றம் புகுந்தோரில் முன்னவர் அவரே.

பூம்புகார்ப் படத்தைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. உரையாடல் எழுதியவர் கலைஞர் கருணாநிதி. கோவலன் கொலையுண்டபின் கவுந்தியடிகள் பாடும் பாட்டில், நீதி வழங்கும் தெய்வம் எங்கே போயிற்று என்னும் பொருளில் ஓரடி அமைந்திருந்ததாம். முருகனையன்றி மற்றொன்று அறியாத அம்மையார் அவ்வடியைப் பாட மறுத்தார். பகுத்தறிவுக் கொள்கையரான ஆசிரியரும் சினவாது, ஓரிரு சொல்லை மாற்றி, தெய்வம் வந்தேவிட்டது என்னும் பொருள் தோன்றச் செய்தார். அதன்பின்னரே பாட்டுப் பதிவாயிற்று. இருவர்க்கும் பெருமை தரும் நிகழ்ச்சி இது.

1966-இல் தமிழிசைச் சங்கம் இசைப்பேரறிஞர் என்னும் பட்டம் அளித்தது. துணைவன் என்னும் படத்திற் பாடியமைக்கு 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதும், 1970-இற் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1980-இல், எழுபதைக் கடந்த பருவத்தில், அம்மையார் காலமானார். கிட்டப்பாவோடு மணவாழ்வு ஏழாண்டும் நிரம்பவில்லை. வெள்ளுடையில் வாழ்ந்தது ஏறக்குறைய 47 ஆண்டுகள்.