பெயர் சொல்ல ஒரு பிள்ளை



சேவியர், சவரிமுத்து, சவரியம்மாள் ஆகியவை நம் காவிரிக்கரைப் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளில் அடிக்கடி காணும் பெயர்கள். இவை முதலில் ஓர் ஆளின் பெயரல்ல, ஒரு வீட்டின் பெயர்!

ஸ்பெயினின் வடக்கே நவார் நாட்டில் ஹவியர் என்றொரு கோட்டை உண்டு. பாஸ்க் மொழியில் 'புதிய வீடு' எனப் பொருள்படும் சொல்லின் திரிபு அது. 1506 ஏப்ரல் 7 அன்று அங்கே பிறந்த பிரான்சிஸ், தந்தையின் ஹாஸ்ஸோ என்ற பெயரைவிட, தாய்வழி வந்த அக்கோட்டையின் பெயராலேயே அறியப்பட்டார். அதுவே அவருடைய குடும்பப் பெயராயிற்று. அவருக்குப் பத்து வயதானபோது, 1516-இல், தோற்ற அரசரின் பக்கம் அவர் குடும்பம் நின்றதற்காக, கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன.

1525-இல் பாரிஸ் சென்றவர் பட்டமும் பதவியும் தேடினார். புனித இஞ்ஞாசியாரின் நட்பு அவரை மாற்றியது. 1542-இல் கோவா வந்தார். முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே உழைத்தார். 1545-இல் நம் நாகப்பட்டினத்திலும் தங்கி, பின் மயிலாப்பூர் சென்றார். 1552 டிசம்பர் 3 அன்று, சீனக் கரையருகே சான்சியன் தீவில், ஒரு குடிசையில் உயிர் நீத்தார். சொந்த வீடில்லை. பெயர் சொல்ல ஒரு பிள்ளையும் இல்லை.

ஆனால் நடந்தது என்ன? 1622-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபின், அந்தக் குடும்பப் பெயர் உலகெங்கும் குழந்தைகளின் பெயராயிற்று. நம் நாவில் அது சவேரியார் ஆனது, சவரி ஆனது. 1826-இல் பிறந்த மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் தந்தை பெயர் சவரிமுத்துப் பிள்ளை. தூத்துக்குடி அருகே சவேரியார்புரம், திண்டுக்கல்லில் சவேரியார்பாளையம் என்று அது ஊர்ப்பெயரும் ஆயிற்று. இன்று தந்தையின் பெயர் சேவியர் என்றால், பிள்ளைகள் அதைத் தங்கள் பெயருக்கு முன் தலைப்பெழுத்தாகச் சுமக்கிறார்கள். ஒரு வீட்டின் பெயர் எத்தனை வீடுகளுக்குள் குடிபுகுந்துவிட்டது!

பெற்றோரே, திருமுழுக்குக்கு வரும்போது எண்கணிதம் பார்த்துப் பெயர் தேடுகிறோம். புனிதரின் பெயரையே வைத்தாலும், அவர் யார் என்று பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோமா? 'புதிய வீடு' என்னும் பெயரைச் சுமந்தவர், தம் வீட்டை விட்டு வந்து ஏழைகளின் குடிசைகளுக்குள் நுழைந்தார். அவர் பெயரைத் தாங்கும் நம் வீடுகள், வாசலில் நிற்கும் எளியவருக்குக் கதவைத் திறக்கின்றனவா? சிந்திப்போம்.