காந்தியடிகளைத் திரையிலேற்றிய கோட்டையூரார்

மகாத்மா காந்தி 1921 செப்டம்பரில் நம் மதுரையில்தான் முழு உடையைத் துறந்து அரைத்துணி பூண்டார். அதனைப் பெருமையுடன் கூறிக்கொள்ளும் நம்மவருள் எத்தனை பேர், காரைக்குடியை அடுத்த கோட்டையூரிற் பிறந்து அம்மகானின் வாழ்க்கையைச் சலனப் படமாக்கித் தந்த ஸ்ரீ ஏ. கே. செட்டியாரை அறிவர்?

1911இல் நகரத்தார் குலத்திற் பிறந்தும் இவர் மனம் வட்டிக் கணக்கிற் செல்லவில்லை. இரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராயிருந்தார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலிற் செல்லுங்கால் இப்படத்தைப் பற்றிய எண்ணம் உதித்தது. அப்பொழுது இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை.

செட்டியார் செய்த காரியம் இலேசானதன்று. முப்பதாண்டுகளில் சுமார் நூறு படப்பிடிப்பாளர் எடுத்து, தேசந்தேசமாகச் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி, ஏறக்குறைய லட்சம் மைல் பிரயாணம் செய்தார். தென்னாப்பிரிக்காவிலும் தேடினார், ஐரோப்பாவிலும் தேடினார். திரட்டியது 50,000 அடி. தொகுத்து நிறுத்தியது 12,000 அடி. நடிகரில்லை, ஜோடனையில்லை. நடந்தது நடந்தவாறே திரையில் தோன்றிற்று. பிறர் எடுத்ததைக் கோத்தவர் எங்ஙனம் கலைஞராவார் என வினவுவாருளர். சாட்சிகளைத் தேடிக் கொணர்ந்து வரிசையாக நிறுத்துவதிலுள்ள சிரமம் வக்கீல் தொழில் பார்த்த நமக்கு நன்கு தெரியும்.

1940 ஆகஸ்டு 23ஆம் தேதி படம் தமிழில் வெளியாயிற்று. யுத்தம் மூண்டிருந்த காலம், வெள்ளையர் ஆட்சி. அந்நாளிற் காந்தியடிகளைத் திரையிற் காட்டுதற்கு நெஞ்சுரம் வேண்டும். தெலுங்கிலும் ஆக்கினார், ஹிந்திப் பதிப்பு 1947இல், சுதந்திரம் வந்த நாட்களில், டில்லியிற் காட்டப்பெற்றது. ஆங்கிலப் பதிப்பு 1953இல் அமெரிக்காவில் வெளிவந்தது.

1943 முதல் 'குமரி மலர்' நடத்திப் பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் அரிய கட்டுரைகளை மறுபடி அச்சேற்றினார். அங்கும் அதே தொழில்தான்: மறைந்து போவதைத் தேடிக் காப்பது. பிரயாண நூல்கள் பல எழுதியும் தம்மைப் பற்றி அதிகம் பேசினாரில்லை. இவ்வடக்கம் பாராட்டத்தக்கதேயெனினும், தமிழர் இவரை மறத்தற்கு அதுவும் ஒரு காரணமாயிற்றோ என்றும் ஐயுறுகின்றோம். 1983இற் காலமானார்.

பிறர் பெட்டிகளில் உறங்கிய சுருள்களைக் காத்தவரின் தமிழ்ப் படமோ காக்கப்படவில்லை. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல்தான் தோன்றிற்று. பல்லாண்டு கழித்து, ஆங்கிலப் பதிப்பின் சுருக்கப் பிரதியொன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அகப்பட்டது. தமிழ்ச் சுருளை நாடியவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர்.