சைதாப்பேட்டையில் ஓர் ஆசிரியர்

ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குச் செல்லும் லட்சக்கணக்கானோருக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடல் நன்கு தெரியும். அந்தத் திடல் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் திடல் என்பதும், இந்தியாவின் உடற்கல்வி வரலாறு பெரிதும் அங்கிருந்துதான் எழுதப்பட்டது என்பதும் அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அக்கல்லூரியை உருவாக்கியவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். உடற்கல்வித் துறையினர் அவரை இந்திய உடற்கல்வியின் தந்தை என்றே குறிப்பிடுகின்றனர்.

இன்று சென்னை மாநகரின் நடுப்பகுதியாகிவிட்ட சைதாப்பேட்டை அன்று சென்னையைச் சேர்ந்ததன்று. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பெயர்தான் செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் அமர்ந்து நிர்வாகம் செய்தது சைதாப்பேட்டையில். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அங்கே இருந்தது. மாதிரி வேளாண் பண்ணை ஒன்றும் 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே நடத்தப்பட்டது. நகரத்தில் கிடைக்காத பரந்த நிலம் தேவைப்பட்ட நிறுவனங்கள் அடையாற்றைக் கடந்தும் கடக்காமலும் அப்பகுதியை நாடின. பக்கின் கல்லூரியும் அவ்வாறு அங்கே சென்று சேர்ந்ததுதான்.

பக் 1884-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்ற சிற்றூரில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திவந்த பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் கூடைப்பந்து ஆட்டத்தை வகுத்தது அந்தக் கல்லூரியில்தான். அங்கே பயின்ற வில்லியம் மார்கன், நான்கு ஆண்டுகளுக்குப் பின் அண்டை ஊரான ஹோலியோக்கில் வாலிபாலை உருவாக்கினார். ஆட்டம் என்பது தானாகத் தோன்றி வழிவழியாக வருவது மட்டுமன்று. தேவையை அறிந்து, இடத்தையும் ஆட்களையும் கணக்கிட்டு, ஓர் ஆசிரியர் திட்டமிட்டு உருவாக்கக்கூடியதும் ஆகும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்த இடம் அது. அந்த எண்ணத்தோடுதான் 1919-இல் பக் சென்னைக்கு வந்தார்.

அவர் வந்தபோது சென்னை மாகாணத்தில் விளையாட்டு இல்லாமல் இல்லை. சேப்பாக்கத்தில் ஐரோப்பியர்கள் கிரிக்கெட் ஆடினர். அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் மன்றங்களில் டென்னிஸ் ஆடினர். தெருக்களில் சடுகுடு இருந்தது. சிலம்பக் கூடங்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் இருந்தது 'டிரில்' மட்டும்தான். படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் சிறு சம்பளத்துக்கு அமர்த்தப்படுவார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையை நீட்டவும் மடக்கவும் கட்டளையிடுவார். பிள்ளைகளின் வயதையோ உடல்நிலையையோ அறிந்துகொள்ள அவருக்குப் பயிற்சியும் இல்லை, அவசியமும் இல்லை. டிரில் வாத்தியார் என்ற சொல்லில் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கும் இளக்காரம் அந்தக் காலத்தின் மிச்சம்.

இந்த நிலையில் பக் என்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். திறமையான இளைஞர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களைப் பயிற்றி, கோப்பைகளை வென்று பெயர் பெற்றிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பயிற்றுநரிடம் எவரும் எதிர்பார்ப்பது அதுதான். அவர் 1920-இல் ஐந்தே மாணவர்களைக் கொண்டு ஓர் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அம்மாணவர்கள் வீரர்களாக அல்ல, ஆசிரியர்களாகப் பயிற்றப்பட்டனர். ஆசியக் கண்டத்திலேயே இத்தகைய முதல் கல்லூரி இது என்று கூறப்படுகிறது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த முடிவு என்னை ஈர்க்கிறது. துணியை வாங்குவது ஒரு செலவு. தறியை வாங்குவது வேறொரு செலவு. ஒரு வீரரின் வெற்றி அவருடைய உடல் வலிமை நீடிக்கும் வரைதான். ஓர் ஆசிரியர் முப்பது ஆண்டுகள் பணியாற்றினால் அவரிடம் சில ஆயிரம் பிள்ளைகள் பயின்று வெளியேறுவர். கையில் இருந்த சிறு முதலைப் பக் தறியில் இட்டார். அதன் பலன் கண்ணுக்குத் தெரியப் பத்து, பதினைந்து ஆண்டுகளாகும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

பாடத்திட்டத்தில் உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம், கற்பிக்கும் முறை ஆகியவை இடம்பெற்றன. மைதானத்தில் தடகளம், கூடைப்பந்து, வாலிபால் ஆகியவற்றோடு தண்டால், பஸ்கி, லெசிம், சடுகுடு போன்றவையும் கற்றுத்தரப்பட்டன. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததை அப்படியே இறக்கிவைக்காமல் இந்நாட்டுப் பயிற்சிகளுக்கும் ஆட்டங்களுக்கும் வகுப்பில் சமமான இடம் தந்தது அவர் செய்த பெரிய காரியம். சில பத்துப் பேருக்கு ஒரு பந்து என்று இருக்கும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டுமானால், கருவியே இல்லாமல் ஆடும் சிற்றாட்டங்கள் ஆசிரியருக்கு நிறையத் தெரிந்திருக்க வேண்டும். ஏழை நாட்டுக்கான உடற்கல்வி என்னவென்று அவர் யோசித்திருந்தார் என்பதற்கு அந்தப் பாடத்திட்டமே சான்று.

விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டதும் அவருடைய பணிகளுள் ஒன்று. இதை ஒரு சிறு வேலை என்று கருதுவோர் உண்டு. ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டால் வணிகம் பெருகாது. சடுகுடுவும் அப்படித்தான். தஞ்சையில் ஒரு விதி, திருநெல்வேலியில் ஒரு விதி என்றிருக்கும்வரை அது ஊர்த் திருவிழா ஆட்டமாகவே இருக்கும். கோட்டின் நீளமும் ஆட்ட நேரமும் ஆட்களின் எண்ணிக்கையும் அச்சில் ஏறிய பிறகுதான் இரு மாவட்டப் பள்ளிகள் ஒன்றோடொன்று மோத முடியும். மாநிலப் போட்டி, தேசியப் போட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியா தடகள அணியை அனுப்பியபோது அதன் மேலாளராகப் பக் சென்றார். எட்டு வீரர்கள் அவருடன் சென்றனர். நீளந்தாண்டலில் தலிப் சிங்கும் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் சி.கே. லட்சுமணனும் அவர்களுள் அடங்குவர். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அதே போட்டியில் இந்திய டென்னிஸ் அணியும் கலந்துகொண்டது. சிட்னி ஜேக்கப் ஒற்றையர் பிரிவில் காலிறுதி வரை முன்னேறினார் என்பது அந்தக் கால நிலையில் பெருஞ்சாதனை. ஆனால் டென்னிஸ், மன்றங்களின் ஆதரவில் வளர்ந்த ஆட்டம். தடகளத்துக்கு அத்தகைய ஆதரவாளர் யாருமில்லை. பள்ளியில் ஓடக் கற்றுத்தர ஆளில்லாத நாட்டில் ஒலிம்பிக் ஓட்டப்பந்தயத்துக்கு வீரர் எங்கிருந்து வருவார்?

நாடு திரும்பிய பக், ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் தேசிய உடற்கல்விப் பொறுப்பாளராக இருந்த டாக்டர் ஏ.ஜி. நோரனுடன் சேர்ந்து இந்தியாவின் பல பகுதிகளுக்குப் பயணம் செய்தார். மாகாணந்தோறும் விளையாட்டுச் சங்கங்களை அமைக்கும் பணி நடந்தது. இதன் விளைவாக 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அனுப்ப முன்னின்ற தொழிலதிபர் சர் தொராப்ஜி டாடா அதன் முதல் தலைவரானார், நோரன் செயலாளரானார். தலைவர், செயலாளர் பெயர்கள் வரலாற்றில் எளிதில் நிலைத்துவிடுகின்றன. ரயிலில் மாகாணம் மாகாணமாகச் சென்று, கூட்டம் கூட்டி, கிளைகளை அமைத்தவர்களின் உழைப்பு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

சென்னை மாகாண அரசு 1920-களில் பக்கைத் தன் உடற்கல்வி ஆலோசகராக நியமித்துக்கொண்டது. பயிற்சி பெற்றவர்கள் வெளியே வந்தால் மட்டும் போதாது. அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளப் பள்ளிகள் முன்வர வேண்டும், அதற்கு அரசின் விதி இடம்தர வேண்டும். அளிப்பும் தேவையும் ஒருங்கே வளராவிட்டால் எந்தத் தொழிற்கல்வியும் நிலைக்காது. கல்லூரிக்குள் ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டே, கல்லூரிக்கு வெளியே அவர்களுக்கான பணியிடத்தை உருவாக்கவும் அவர் முயன்றார். பொறியியல் கல்லூரிகளை நூற்றுக்கணக்கில் திறந்துவிட்டு வேலைவாய்ப்பைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த நமக்கு இதில் கற்க நிறைய உண்டு.

நகரத்துக்குள் இடநெருக்கடியில் இயங்கிய கல்லூரி 1930-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக்கு இடம்பெயர்ந்தது. 60 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். மைதானங்கள், விடுதி, மரங்கள் எனக் கல்லூரி அங்கே முழு வடிவம் பெற்றது. பக்கின் துணைவியார் மேரி பக்கும் கல்லூரிப் பணிகளில் அவருக்குத் துணையாக நின்றார். நாட்டின் பல மாகாணங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். தங்கள் ஊர்களுக்குத் திரும்பி, அங்குள்ள பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பொறுப்பேற்றனர்.

குறைகளே இல்லாத பணி என்று இதைச் சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் இது ஆண்களுக்கான கல்லூரியாகவே இருந்தது; பெண்களுக்கு நெடுநாள் காத்திருப்பு இருந்தது. சமய அமைப்பு ஒன்று நடத்திய கல்லூரி என்ற ஐயப்பார்வையும், அந்நிய ஆட்சியோடு இணைந்து பணியாற்றியவர் என்ற விமர்சனமும் எழக்கூடியவையே. எனினும் அவருடைய மாணவர்கள் எங்கே பணியாற்றினர், எதைக் கற்பித்தனர் என்பதைப் பார்த்தால் இந்த ஐயங்களின் வலு குறைந்துவிடுகிறது. சடுகுடுவைக் கல்லூரிப் பாடமாக்கியவரை அந்நியர் என்று ஒதுக்குவது கடினம்.

1943 ஜூலையில் பக் சென்னையில் காலமானார். வயது 58. ஏறத்தாழ கால் நூற்றாண்டை அவர் இந்த ஊரில் கழித்திருந்தார். சுதந்திர இந்தியா உடற்கல்விக்கெனத் தேசியக் கல்லூரி ஒன்றை குவாலியரில் 1957-இல் தொடங்கியது. பயிற்றுநர்களுக்கென 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தை அமைத்தது. ஆசிரியர் வேறு, பயிற்றுநர் வேறு, இரண்டும் தேவை என்ற புரிதல் அரசுக்கு வர, பக் பள்ளி தொடங்கியதிலிருந்து நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

நான் பணியாற்றிய கல்லூரியில் உடற்கல்வி இயக்குநரின் பெயர் ஆசிரியர் பட்டியலில் கடைசியில் இருக்கும். மாணவர்களில் யார் காலை உணவில்லாமல் வருகிறார், யாருக்கு வீட்டில் சிக்கல் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். பேராசிரியர்களாகிய எங்களுக்கு வருகைப் பதிவேட்டு எண்தான் தெரியும்.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. 2022-இல் மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் 186 நாடுகள் பங்கேற்ற செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. 2025 ஆகஸ்டில் அதே கடற்கரையில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. கோவளம் கடற்கரையில் மீனவச் சிறுவர்கள் அலைச்சறுக்குப் பலகையோடு கடலில் இறங்குவதை வார இறுதியில் எவரும் காணலாம். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. பக் தொடங்கிய கல்லூரி இப்போது அப்பல்கலைக்கழகத்தோடுதான் இணைவு பெற்றுள்ளது. பக்கின் கல்லூரி செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சென்னைக்குள் சென்றது. அதன் பட்டம் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து வழங்கப்படுகிறது.

அந்தப் பட்டத்தைப் பெற்று வெளியே வருபவருக்கு என்ன கிடைக்கிறது? 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநரையே பரிந்துரைக்கிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் முழுநேர ஆசிரியர், உடலுக்குப் பகுதிநேரம். அந்த அடிப்படையில் தமிழகத்தில் 2012-இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி முதலிய பாடங்களுக்கு 16,500-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். மறுக்கும் நிலையில் பகுதிநேர ஆசிரியர் இருப்பதில்லை. பணி நிரந்தரம் கோரி அவர்கள் சென்னைக்கு வந்து நடத்திய போராட்டங்கள் ஆட்சிகள் மாறியும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்துள்ளன.